சொகுசுக் கப்பலின் உள்பக்கம்: முதல் முறை கப்பல் ஏறும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பல் பயணம் போய்விட்டு வந்தவர்களிடம் விசாரித்தால் நீச்சல் குளம், பஃபே சாப்பாடு, ராத்திரி ஆட்டம் பாட்டம், பால்கனியிலிருந்து பார்த்த கடல் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தச் சாப்பாடு எங்கே வெந்தது? மூவாயிரம் பேர் குளித்த தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போனது? எல்லோரும் தூங்கும்போது கப்பலை யார் ஓட்டினார்கள்? இதற்குப் பதில் சொல்பவர்கள் குறைவு. இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெரிய கப்பல் கம்பெனிகள் பலவும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு சின்னக் குழுவை மட்டும் வேலை நடக்கும் பகுதிகளுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகின்றன. ராயல் கரீபியனில் இதற்கு ‘ஆல் ஆக்சஸ் டூர்’ என்று பெயர். கார்னிவலில் ‘பிஹைண்ட் தி ஃபன்’. பிரின்சஸில் ‘அல்டிமேட் ஷிப் டூர்’.

கப்பலில் செலவழிக்கும் காசில் இதற்குக் கொடுப்பதுதான் உருப்படியான காசு என்பது என் எண்ணம். ஆனால் இது வேடிக்கை பார்க்கும் இடமில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் வேலை செய்யும் இடம். அந்த நினைப்போடு கொஞ்சம் தயாராகிப் போனால்தான் கொடுத்த காசுக்குப் பலன். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து முதன்முதலாகக் கப்பல் ஏறுகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நமக்குக் கப்பல் புதிதில்லை. 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ராஜுலா நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அதற்குப் பின் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எம்.வி. சிதம்பரம், 1985-இல் தீ விபத்தில் சிக்கும் வரை ஓடியது. நம் வீடுகளில் எத்தனையோ தாத்தாக்கள், தனி அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கும் டெக் டிக்கெட்டில் போனவர்கள். சமைக்கிற இடமும் எஞ்சின் சத்தமும் அவர்களுக்கு மறைவாக இருக்கவில்லை. இன்றைய கப்பலில் அதெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

எந்தக் கப்பல், எத்தனை இரவு

நமக்கு வசதியாக இரண்டு துறைமுகங்கள். ஒன்று சென்னை. 2022 ஜூனில் கார்டிலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ இங்கிருந்து ஓடத் தொடங்கியது. உழவன், மன்னை, கம்பன் என்று எந்த ரயிலில் ஏறினாலும் காலையில் சென்னை. எம்ப்ரஸ் 1990-இல் ராயல் கரீபியனுக்காக ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல், சுமார் 48,500 டன். இந்த டன் எடைக் கணக்கில்லை. கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்று கொள்ளளவைச் சொல்லும் கணக்கு. விளம்பரத்தில் டன் என்று வரும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று சிங்கப்பூர். திருச்சியில் விமானம் ஏறினால் நேராக இறங்கிவிடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். அங்கே மரீனா பே, ஹார்பர்ஃபிரண்ட் என்று இரண்டு கப்பல் முனையங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம், டாக்சியில் ஏறும் முன் டிக்கெட்டில் எது என்று பாருங்கள். ‘கென்டிங் ட்ரீம்’ 2022-இல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு கம்பெனியின் பெயரில் அங்கே ஓடத் தொடங்கியது, சுமார் 1,50,000 டன். ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களும் சீசனில் அங்கே வந்து நிற்கும். உறவுக்காரர்கள் சிங்கப்பூரில் இருந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கிவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

உள்பக்கத்தைப் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் நான் சிங்கப்பூரையே சொல்வேன். கப்பல் பெரியது, இந்தச் சுற்றுக்கென்று நடைமுறையும் ஆளும் ஏற்கெனவே இருக்கும். சென்னைக் கப்பலில் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே சமையல்கூடம், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜ் இரண்டையும் பார்க்க ஏற்பாடு உண்டா என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். டிராவல் ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி ஏறாதீர்கள்.

இரவுக் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பயணத்திட்டத்தில் ஒரு நாளாவது முழுக்கக் கடலிலேயே கழிய வேண்டும். துறைமுகத்தில் நிற்கிற நாளில் சரக்கு ஏற்றுவது, ஆள் இறங்கி ஏறுவது என்று ஊழியர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதனால் இந்தச் சுற்றைப் பெரும்பாலும் கடலில் போகும் நாளில்தான் வைப்பார்கள். இரண்டு இரவுப் பயணத்தில் அப்படி ஒரு நாள் கிடைப்பது கஷ்டம். நான்கு இரவு எடுத்தால் நிம்மதி.

கடல் ஒத்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் படகு விட்டார்கள். நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். சின்னக் கப்பலில் ஆட்டம் அதிகமாகவே தெரியும். அதில் தாக்குப்பிடித்தவர்களுக்குப் பெரிய கப்பல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், கடல் மோசமாக இருக்கும், சேவையும் நிற்கும்.

இடம் பிடிப்பது

டிக்கெட் போட்டதும் கம்பெனியின் செயலியில் உங்கள் பயண எண்ணைச் சேர்த்து, உள்ளே என்னென்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். சுற்று அதில் தெரிந்தால் அப்போதே வாங்கிவிடுங்கள். தெரியாவிட்டால் கவலை வேண்டாம், பல கப்பல்களில் ஏறிய பிறகுதான் திறப்பார்கள். ஏறிய நாளில் மற்றவர்கள் பஃபேக்கு ஓடும்போது நீங்கள் நேரே ரிசப்ஷனுக்கோ, கரைச் சுற்றுலா டெஸ்குக்கோ போய்ப் பெயர் கொடுங்கள். ஒரு குழுவுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மூவாயிரம் பேர் போகிற கப்பலில் அது எவ்வளவு வேகமாக நிரம்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு, மறுநாள் காலை ஒரு தடவை போய்க் கேளுங்கள். கட்டணத்தையும் மாடிப்படியையும் பார்த்து விலகுகிறவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்.

கட்டணம் கப்பலுக்குக் கப்பல் மாறும். முழுச் சுற்று என்றால் தலைக்கு நூறு அமெரிக்க டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும் என்று எடுத்து வையுங்கள். சமையல்கூடத்தை மட்டும் காட்டும் சின்னச் சுற்று மலிவாகக் கிடைக்கும், சில கப்பல்களில் இலவசம்கூட. குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லோருக்கும் முழுச் சுற்று எடுக்க வேண்டியதில்லை. ஆர்வமுள்ளவர் ஒருவர் முழுதும் பார்க்கட்டும், மற்றவர்களுக்குச் சமையல்கூடம் போதும். சிறு பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, வயது வரம்பை முன்கூட்டிக் கேளுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்திக் கூட்டிப்போகாதீர்கள்.

காகிதங்கள்

சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கினால் அந்த நாட்டுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஆகவே மல்டிபிள் என்ட்ரி விசா இருக்கிறதா என்று தேதியோடு சரிபாருங்கள். வருகைப் படிவத்தை இணையத்தில், சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். நடுவில் கப்பல் நிற்கும் பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் ஆகியவற்றுக்கு அந்தந்த நாட்டு விதி தனி. நீங்கள் கரையில் இறங்காவிட்டாலும் விசா கேட்கிற கம்பெனி உண்டு. மருத்துவச் செலவைச் சேர்த்த பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கப்பல் மருத்துவமனை நன்றாகவே இருக்கும், பில்லும் டாலரில் வரும்.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். ஏறிய பிறகு உணவக மேலாளரிடம் இன்னொரு தடவை சொல்லிவைப்பது நல்லது.

அன்று காலை என்ன போட்டுக்கொள்வது

பாதத்தை முழுக்க மூடிய, வழுக்காத ஷூ. செருப்போடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புடவையைவிடச் சுடிதாரும் பேன்ட்டும் வசதி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிடுங்கள். குளிர் அறைக்கும் சலவைக்கூடத்துக்கும் அடுத்தடுத்துப் போவீர்கள். ஒன்றில் பல் கிட்டும், மற்றதில் வியர்த்துக் கொட்டும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் எதுவும் இரண்டு மூன்று நாளில் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். நோரோவைரஸ் ஒரு ஆளிடமிருந்து சமையல்கூடத்துக்குள் போனால் கப்பலே படுத்துவிடும். கட்டிய காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். காசு போனாலும் சரி, போகாதீர்கள்.

உள்ளே விடும் முன் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், உடலையும் பையையும் சோதிப்பார்கள். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2004 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பிரிட்ஜ், எஞ்சின் பகுதி எல்லாம் தடை செய்யப்பட்ட இடங்கள். சோதனையை யாரும் உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. சில கம்பெனிகள் போனையே எடுத்துவரக் கூடாது என்கின்றன, சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் படம் எடுக்க விடுகின்றன. எப்படியிருந்தாலும் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள், அதற்குத் தடையில்லை.

பண்டக அறைகள்

பெரும்பாலும் சுற்று கீழ்த்தளத்தில் தொடங்கும். பயணிகள் கம்பளம் முடிந்து ஒரு கதவு திறந்ததும் இரும்புத் தரை, வெள்ளைச் சுவர், தலைக்கு மேல் குழாய்களும் கம்பிகளும். கப்பலின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீளமாக ஓடும் ஊழியர் பாதை இது. அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் இதற்கு ‘ஐ-95’ என்று பெயர், அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் எண்ணை வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டி, அழுக்குத் துணி மூட்டை, சரக்குப் பலகை எல்லாம் இதில்தான் ஓடும். சுவரோரமாக ஒற்றை வரிசையில் நடங்கள்.

பண்டக அறைகளில் காய்க்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, பாலுக்கு, மீனுக்கு, இறைச்சிக்கு என்று தனித்தனிக் குளிர் அறைகள். உறைந்த இறைச்சியை மெதுவாக இளக வைக்கவே ஒரு அறை உண்டு. நான் பார்த்த கப்பலில் ஒரு பண்டகப் பையன் தக்காளிப் பெட்டியைத் திறந்து, மேல் அடுக்கைத் தூக்கிவிட்டுக் கீழ் அடுக்கைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். இரண்டை எடுத்து ஒதுக்கினான். மீதியைப் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, தேதி எழுதிய நாடாவை ஒட்டி, பழைய தேதிக் கூடையை முன்னுக்கு இழுத்து, புதியதைப் பின்னுக்குத் தள்ளினான். அட்டைப் பெட்டியை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கேட்டதற்கு, அட்டை மடிப்பில் கரப்பான் ஒளிந்து வரும் என்றான். காரணம் புரிந்தபின் அந்தக் கூடைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அரிசி மூட்டைகளைத் தேடிப் பாருங்கள், நம் கண் தானாக அங்கேதான் போகும். பயணிகளைவிட ஊழியர்களுக்காகத்தான் அரிசி நிறைய வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று வேலைக்கு வந்தவர்கள் பலரும் சோறு சாப்பிடுகிறவர்கள், ஊழியர் உணவுக்கூடத்தில் சோறு இல்லாத வேளை அநேகமாகக் கிடையாது.

சமையல்கூடம்

இங்கே நேரம் கேட்டு வாங்குங்கள். நெருப்புச் சுடரைப் பார்க்க முடியாது, கப்பலில் பெரும்பாலும் எல்லாமே மின் அடுப்பு. காரணம் தீ பயம். வெட்டுப் பலகைகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும், பொதுவாகச் சிவப்பு இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை காய்கறிக்கு. அழுக்குப் பாத்திரம் வரும் வழியும் சாப்பாடு போகும் வழியும் எங்கும் சந்திக்காது. தட்டு ஒவ்வொன்றிலும் எது எங்கே வைக்க வேண்டும் என்று புகைப்படம் ஒட்டியிருக்கும், புதிதாகச் சேர்ந்த ஆளும் அதைப் பார்த்து அதே மாதிரி வைப்பார். நம்மூர்ப் பெரிய கல்யாணத்தில் இரண்டாயிரம் இலைக்குச் சமைக்கிற தவசிப்பிள்ளை கையில் ஒரு கணக்கு இருக்குமே, எந்தப் பந்திக்கு எவ்வளவு சாம்பார் இறக்க வேண்டும் என்று, அதே கணக்கை இங்கே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது. இதே பயணத்தில் முன்பு எத்தனை பேர் மீன் கேட்டார்கள், எத்தனை பேர் சைவம் கேட்டார்கள் என்று பார்த்து அதற்கேற்பச் சமைக்கிறார்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கேளுங்கள், ஆர்வமாகப் பதில் சொல்வார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 86-க்குக் கீழே வந்தால் தோல்வி. சூடாகப் பரிமாறுவது 57 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆசியாவில் ஓடும்போதும் பல கம்பெனிகள் அதே பழக்கத்தைக் கைவிடுவதில்லை. சமையல்காரர் சட்டைப்பையில் வெப்பமானி குத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

தண்ணீரும் கழிவும்

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று வருஷா வருஷம் காத்திருக்கும் நமக்கு இந்தப் பகுதி தனியாகப் பிடிக்கும். சுற்றில் பெரும்பாலும் இயந்திரங்களையே காட்ட மாட்டார்கள், ஆனால் கட்டுப்பாட்டு அறையில் எஞ்சினியரிடம் கேட்டால் திரையில் காட்டி விளக்குவார்.

கப்பலுக்கு நல்ல தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. துறைமுகத்தில் ஏற்றுவது ஒன்று. கடல்நீரை எஞ்சின் வெப்பத்தாலேயே காய்ச்சி வடிப்பது இன்னொன்று. பாத்திரத்துக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்னதாகவே ஆவியாகிவிடும், வீணாகப் போகிற வெப்பமே போதும். மூன்றாவது, நம் வீட்டு ஆர்.ஓ. போலவே சவ்வு வழியாக அழுத்தி வடிப்பது, அளவு மட்டும் பிரம்மாண்டம். கரையோர அழுக்கு நீரில் இதைச் செய்வதில்லை, ஆழ்கடலுக்குப் போன பிறகே இயக்குவார்கள். வடித்த தண்ணீரில் தாது உப்பு சேர்த்து, குளோரின் போட்டுத்தான் குழாய்க்கு அனுப்புகிறார்கள்.

கழிப்பறையில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். ஒரு தடவைக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் செலவு. கழிப்பறை நீரைத் தனியாகவும் குளியல், சமையல் நீரைத் தனியாகவும் பிடித்துச் சுத்திகரிக்கிறார்கள். மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக் கூடாது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், எவ்வளவு தொலைவிலும் போடக் கூடாது. உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் சல்லடைக்குள் போகும்படி அரைத்தால் 3 கடல் மைலுக்கு அப்பால் விடலாம், அரைக்காவிட்டால் 12. சில கடல்களுக்கு விதி இன்னும் கடுமை.

குப்பை பிரிக்கும் அறையைக் காட்டினால் மூக்கைப் பொத்தாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒருவர் நாம் போட்ட குப்பையைக் கையால் பிரிக்கிறார். கண்ணாடியை நொறுக்குகிறார்கள், டப்பாவை நசுக்கிக் கட்டுகிறார்கள், காகிதத்தை எரிக்கிறார்கள், சாம்பலைக் கரையில் இறக்குகிறார்கள். பஃபேயில் தட்டு நிறைய எடுத்துவிட்டு மீதி வைப்பது இங்கே வந்து சேர்கிறது. நின்று இரண்டு நிமிடம் பாருங்கள்.

சலவை, மேடை

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் மடித்து வெளியே வரும் இயந்திரம் இருக்கும். உலர்த்தியில் சேரும் பஞ்சுத் தூசியை அடிக்கடி அள்ளுகிறார்கள், விட்டால் தீப்பிடிக்கும். நாடக மேடையின் பின்பக்கத்தையும் காட்டுவார்கள். உடை மாற்றும் இடம் எவ்வளவு குறுகல் என்பதைத் தவிர அங்கே எனக்குப் பெரிதாக எதுவும் படவில்லை.

எஞ்சின் கட்டுப்பாட்டு அறை

எஞ்சினுக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள், கண்ணாடிக்குப் பின்னால் திரைகள் நிறைந்த அறையோடு சரி. போகிற வழியில் கனமான நீரடைப்புக் கதவுகளைத் தாண்டுவீர்கள். விளக்கு மின்னி மணி அடித்தால் அந்தக் கதவு நகரப் போகிறது. கையையோ காலையோ நீட்டாதீர்கள், அதற்கு ஆள் தெரியாது.

புதிய கப்பல்கள் பலவற்றிலும் டீசல் எஞ்சின் நேராக விசிறியைச் சுற்றுவதில்லை. எஞ்சின் மின்சாரம் தயாரிக்கிறது. அந்த மின்சாரத்தில்தான் அறை விளக்கும் ஏ.சி.யும் அடுப்பும், கப்பலைத் தள்ளும் மோட்டாரும் ஓடுகின்றன. கப்பலுக்கு அடியில் தொங்கும் ‘அசிபாட்’ என்ற மோட்டார்க் கூடு முழு வட்டமாகத் திரும்பக்கூடியது, அதனால் தனிச் சுக்கான் வேண்டாம். இப்போது எத்தனை எஞ்சின் ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள். வேகத்தைக் குறைத்தால் எஞ்சினை நிறுத்தி எண்ணெய் மிச்சம் பிடிப்பார்கள்.

பிரிட்ஜ்

எல்லோரும் எதிர்பார்த்துப் போகும் இடம் இதுதான். உள்ளே போனதும் அமைதியைக் கவனிப்பீர்கள். பழைய படத்தில் வரும் பெரிய மரச் சக்கரம் இருக்காது, ஸ்டீரிங் கையகலத்துக்குச் சின்னதாக இருக்கும். நடுக்கடலில் பெரும்பாலும் தானியங்கி ஓட்டுகிறது, அதிகாரிகள் ரேடாரையும் மின்னணு வரைபடத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கப்பலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைப் பகுதிக்குப் போக விட்டால் கீழே பாருங்கள். துறைமுகத்தில் கட்டும்போது கேப்டன் அங்கிருந்து கரையைப் பார்த்தபடியே கப்பலை ஒதுக்குவார். சில கப்பல்களில் அங்கே தரையே கண்ணாடி.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் பாதை மலாக்கா நீரிணை, உலகத்திலேயே நெரிசலான கடல்வழிகளில் ஒன்று. போகிற கப்பலுக்கும் வருகிற கப்பலுக்கும் தனித்தனித் தடம் உண்டு. அது எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். அக்கரைப்பேட்டை, தரங்கம்பாடி, பழையார் பக்கத்துக்காரர்கள் இன்னொரு கேள்வி கேட்கலாம். ராத்திரியில் ஃபைபர் படகு உங்கள் ரேடாரில் தெரியுமா? ஃபைபரும் மரமும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது, கடல் கொந்தளித்தால் அலைக்குள் மறைந்துவிடும். அதனால்தான் கண்ணால் பார்க்கவும் ஒருவரை நிறுத்துகிறார்கள். படகில் விளக்கும் ரேடார் பிரதிபலிப்பானும் ஏன் வேண்டும் என்பதை அந்த அதிகாரி வாயால் கேட்டு வந்து சொல்லுங்கள், நம் கடற்கரைக்கு அது உபயோகமான சேதி.

எதையும் தொடாதீர்கள். ஒருவர் வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

யாரிடம் எப்படிப் பேசுவது

வேலை செய்கிறவர்களை ஆள் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். எத்தனை மாத ஒப்பந்தம், எந்த ஷிஃப்ட், முதலில் என்ன வேலையில் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். தமிழ்க்குரல் கேட்டால் முகம் மலர்கிறவர்கள் சமையல்கூடத்திலும் எஞ்சின் பக்கத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், ஆனால் வேலையை நிறுத்திப் பேச வைக்காதீர்கள், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊழியர் பாதைச் சுவரில் வேலை நேர அட்டவணை ஒன்று தொங்கும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி அதைப் பார்வையில் படும்படி வைத்தே ஆக வேண்டும். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. திருப்பிக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை வாங்கலாம் என்பது விளங்கும். உங்கள் அறையைத் துடைக்கும் ஆளுக்கு வாரவிடுமுறை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. தலைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து டாலருக்கு மேல் பில்லில் தானாகச் சேரும் டிப்ஸை ரிசப்ஷனில் வரிசையில் நின்று எடுக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுற்று முடிந்ததும் கருத்துப் படிவத்தில் நன்றாக விளக்கியவர்களின் பெயரை எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது அவர்களுக்கு உதவும்.

பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு

கேட்டரிங் படித்த பிள்ளையோடு இந்தச் சுற்றுக்கு வரும் பெற்றோர் உண்டு, நல்ல யோசனை. வேலை எப்படி இருக்கும் என்று விளம்பரத்தைவிட இங்கே தெளிவாகத் தெரியும். பாத்திரம் கழுவும் வரிசையிலும், சன்னல் இல்லாத ஊழியர் தளத்திலும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். அங்கேயும் ஆசை குறையாவிட்டால் தைரியமாக அனுப்பலாம்.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று, சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம் எல்லாம் முறைப்படி எடுக்க வேண்டும். பயிற்சி நிலையத்துக்கு இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஆள் எடுக்கும் ஏஜென்ட் வைத்திருக்க வேண்டியது அதே இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம், அதன் எண்ணையும் காலாவதித் தேதியையும் அங்கேயே சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை மேலே சொன்ன அதே உடன்படிக்கை தடை செய்கிறது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சோதனை போன்ற செலவுதான் உங்களுடையது. நிலத்தை அடகு வைத்து இரண்டு லட்சம், மூன்று லட்சம் கட்டச் சொல்கிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் பேசிய செய்திகளையும் பத்திரப்படுத்தி, இயக்குநரகத்துக்கும் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் உடனே புகார் எழுதுங்கள்.